ஏழாம் குழாயின் கொதிநிலை

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் மூட்டமாக இருந்தது. பெய்வதா நிற்பதா என்று தானே முடிவெடுக்க இயலாத தூறல் ஒன்று, ஏதோ மேலிடத்தின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதைப் போல, காலை எட்டு மணி முதல் விழுவதும் ஓய்வதுமாக இருந்தது. சமூகக்கூடத்தைத் திறக்கலாம் என்று தெரிவிக்கும் கடிதம் அன்றுதான் வந்து சேர்ந்தது.

கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர் கூடத்தின் காப்பாளர். ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி. பத்தொன்பது சாவிகள் கோத்த வளையம் அவர் இடுப்பில் எந்நேரமும் தொங்கியதால் ஊரார் அவரைச் சாவியம்மா என்றே அழைத்தனர். அவர் வருவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும்.

கூடம் பெரிதன்று. முன்புறம் ஒரே கதவு. உள்ளே அகன்ற அறை ஒன்று. அதனை ஒட்டிச் சமையலறை, பண்டக அறை, கழிவறைகள். ஆங்காங்கே பொருத்தப்பட்ட தண்ணீர்க் குழாய்கள் பதினான்கு. தொற்றுக்கு முன்னர் ஒன்பது தன்னார்வக் குழுக்கள் இக்கூடத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. குருதிக்கொடையாளர் மாதம் ஒருமுறை வருவர். சதுரங்கக்காரர் வாரம் இருமுறை வருவர். சண்டை தீராவிட்டால் மும்முறை. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குப் பேச்சுப் பயிற்சிக் குழு கூடும். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் வாயசைவை மற்றவர் பார்த்து, தொலைந்த சொற்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொள்ளும் குழு அது. சாவியம்மாவின் தம்பியும் அக்குழுவில் ஒருவர்.

தம்பி காய்கறிச் சந்தையில் இருபத்தாறு ஆண்டுகள் ஏலம் கூறியவர். அவர் குரலெடுத்தால் சந்தையின் மறுகோடியில் வண்டிக்கடியில் உறங்குபவனும் எழுந்து உட்கார்வான். அவருக்கு ஒரு தனித்திறம் இருந்தது. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரத்தைச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். மூன்றாம் தரம் வெளிப்படும்வரை சரக்கு உடையவனுடையதே. அந்த இடைவெளியில் எவனாவது ஒருவன் பொறுமையிழந்து விலையை ஏற்றிவிடுவான். ‘இந்த மனுசன் வாயைத் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து’ என்று வியாபாரிகள் வசவும் பாராட்டுமாகச் சொல்வதுண்டு. அக்குரல் ஒரு மாலைப்பொழுதில், கால் கழுவக் குனிந்த இடத்தில், அடங்கிப்போயிற்று.

பேச்சுப் பயிற்சிக் குழுவில் ஒன்றரை ஆண்டு அமர்ந்ததன் பயனாக அவருக்கு நாற்பத்து மூன்று சொற்கள் திரும்பக் கிட்டின. ‘அக்கா’ என்பது ஒன்பதாவதாக வந்தது. ஏலச் சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. வந்த சொற்களையெல்லாம் சாவியம்மா பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மார்ச் மாதத்தில் கூடம் பூட்டப்பட்டது. அதன்பின் சொற்கள் வந்த வழியே போகத் தொடங்கின. ‘ஜன்னல்’ போயிற்று, ‘நாளைக்கு’ போயிற்று, ‘போதும்’ போயிற்று. ஒவ்வொரு சொல்லாகச் சாவியம்மா கோடிட்டு அடித்துக்கொண்டே வந்தார். கடிதம் வந்த அன்று மீந்திருந்தவை பதினாறு. அவற்றுள் ‘அக்கா’ இன்னும் இருந்தது. எனினும் வர வரத் தாமதமாக வந்தது.

அந்தப் பதிவேடு உண்மையில் குழாய்களுக்குரியது. பூட்டிய கட்டடத்தில் தண்ணீர் தேங்கினால் குழாய்க்குள் கிருமி வளரும். ஆதலால் செவ்வாய்தோறும் பதினான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாக ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, வெப்பமானியைப் பிடித்து, அளவைக் குறித்துவைக்க வேண்டும் என்பது வாரியத்தின் கட்டளை. கட்டடப் பாதுகாப்பு வாரியம் அதுவரை பிறப்பித்த கட்டளைகளுள் பொருளுடையது இது ஒன்றே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

கடிதத்தோடு நாற்பத்தாறு பக்கப் படிவம் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. அதனை நிரப்பி, நேரடி ஆய்வு முடித்து, சான்று பெற்றால் கூடத்தைத் திறக்கலாம். சாவியம்மா மூன்று நாள் உட்கார்ந்து அதனை நிரப்பினார். ‘கட்டடத்திற்கு அருகில் கடல் உள்ளதா’ என்ற வினாவுக்கு மட்டும் தம்பியிடம் கருத்துக் கேட்டார். அவர் சிறிது யோசித்து ‘தண்ணி’ என்றார். அதனால் பதினாறில் ஒரு சொல் உறுதியாயிற்று.

அடுத்த வாரம் வாரியத்தின் மேற்பார்வையாளர் வந்தார். இளவயதினர், நல்லவர், எவருக்கும் தீங்கு நினையாதவர். வாரியங்களுக்குப் பெரிதும் பயன்படுபவர்கள் இத்தகையோரே. அவர் வாயிற்கதவுக்கு வெளியே, சாலையோரத்தில் நின்றபடி, உள்ளே நின்ற சாவியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

“உள்ள வாங்க சார், கதவு திறந்துதான் இருக்கு” என்றார் சாவியம்மா.

“வர முடியாதும்மா. சான்று இல்லாத கட்டடத்துக்குள்ள நான் காலெடுத்து வைக்கக் கூடாது.”

“சான்று குடுக்குறது நீங்கதானே?”

“ஆமா. உள்ள வந்து பாத்துட்டுத்தான் குடுக்கணும்.”

“அப்ப வந்து பாருங்களேன்.”

“அதாம்மா சிக்கலே. எங்களுக்கும் புரியாம இல்ல. அதைத் தீர்க்கத்தான் துணைக்குழு ஒண்ணு போட்டிருக்காங்க.”

ஆகவே அவர் சாலையில் நின்று சொல்லச் சொல்ல, சாவியம்மா உள்ளே அளவுநாடாவை இழுத்து இழுத்து அளந்தார். வருவோரும் போவோரும் எதிர்ப்படக் கூடாது என்பதால் தரையில் அம்புக்குறி ஒட்டி ஒருவழிப் பாதை அமைக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். கதவு ஒன்றுதான் என்று சாவியம்மா நினைவூட்டினார். கதவு வருவதற்கு, போவதற்குப் பண்டக அறை ஜன்னல் இருக்கிறதே என்று அவர் வழி காட்டினார். ஜன்னலில் ஏற முக்காலி போடப்பட்டது. முக்காலியிலிருந்து விழும் இடருக்குத் தனிப் படிவம் நிரப்பப்பட்டது. சாவியம்மா சட்டத்தை மதிப்பவர். அடுத்த நான்கு நாள் அம்புக்குறிப்படியே நடந்தார். சமையலறையிலிருந்து எதிரே இருந்த கழிவறைக்குப் போவதற்கு ஜன்னல் வழியே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி, முன்கதவில் கை கழுவி மறுபடி நுழைய வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் முழங்கால் வீங்கியது. அதற்கும் படிவம் இருந்தது.

அதன்பின் கொள்ளளவு கணக்கிடப்பட்டது. ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் பெரிய அறையில் பதினொருவர் இருக்கலாம் என்று தெரியவந்தது. சாவியம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பேச்சுக் குழுவில் ஏழு பேர்தான். ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. காப்பாளருக்கு ஒன்று கழிக்க வேண்டும். துப்புரவாளருக்கு ஒன்று, தலை எண்ணுபவருக்கு ஒன்று, அவர் எண்ணுவது சரியா என்று பார்ப்பவருக்கு ஒன்று, முதலுதவியாளருக்கு ஒன்று, அம்புக்குறி பார்ப்பவருக்கு ஒன்று, ஜன்னலில் கை கொடுத்து இறக்குபவருக்கு ஒன்று, இவர்கள் ஓய்வெடுக்கும்போது நிற்க வேண்டிய மாற்றாட்கள் ஐவர். கழித்துப் பார்த்தால் விடை, கழித்தல் ஒன்று.

“அப்படின்னா என்ன சார் அர்த்தம்?”

“கூடம் காலியா இருக்கும்போதே அதுல ஒருத்தர் கூடுதலா இருக்காருன்னு அர்த்தம்.”

“நான் மட்டுந்தானே இருக்கேன். நான் வெளிய போயிட்டா?”

“போனாலும் கணக்கு அதேதாம்மா. யாரை வெளிய அனுப்புறதுங்கிறது உள்ளூர் முடிவு. அதுல வாரியம் தலையிடாது.”

இதனை முறையிட வாரியக் கூட்டத்துக்கு எழுதுமாறு அவரே அறிவுரை கூறினார். வாரியக் கூட்டங்கள் அப்போது கைப்பேசித் திரையில் நடந்தன. கட்டணமின்றிக் கிடைத்த சேவையாதலால் சரியாக நாற்பதாவது நிமிடத்தில் கூட்டம் தானாகவே அறுந்துபோகும். கட்டணச் சேவை பெறுவதற்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அத்தீர்மானம் ஏப்ரல் முதல் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியாக இருந்தது. வருகை எடுப்பதிலும், ‘என் குரல் கேட்கிறதா’ என்று பதினொரு உறுப்பினரும் தனித்தனியே வினவுவதிலும் இருபத்தைந்து நிமிடம் கழிந்துவிடுமாகையால், கடைசி வரியை இதுவரை எவரும் கண்டதில்லை. திரை அறுமுன் தலைவர் ‘நிறைவேறியது’ என்று சொல்லிவிட்டால் அது தீர்மானம். சொல்லாவிட்டால் அப்படியொன்று நிகழவே இல்லை.

பேச்சுப் பயிற்சிக் குழுவுக்கான விண்ணப்பம் மட்டும் எவ்வாறோ ஒரு கூட்டத்தின் முப்பத்தொன்பதாம் நிமிடத்தில் நிறைவேறிவிட்டது. அனுமதிக் கடிதம் பின்வருமாறு இருந்தது: ‘மேற்படி குழுவினர் பயிற்சியின்போது பேசுதல், பேச முயலுதல், பேச்சை ஒத்த ஒலிகளை எழுப்புதல் ஆகியவற்றைத் தவிர்க்கும் பட்சத்தில், அவர்களின் பேச்சுப் பயிற்சிக்கு அனுமதி அளிப்பதில் வாரியத்துக்கு மறுப்பில்லை.’

சாவியம்மா மூன்று முறை படித்துவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தார்.

“பேசாம எப்படிங்க பேச்சு கத்துக்கிறது?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க. நீச்சல் குளத்தையே தண்ணி இல்லாமத்தான் திறந்திருக்கோம்.”

அன்று மாலை தம்பி சாவியம்மாவை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, ‘இவளே’ என்பதைப் போல ஓர் ஒலி எழுப்பினார். அக்கா என்ற சொல் வரவில்லை. மறுநாள் காலையில் வந்துவிட்டது. ஆயினும் அந்த ஓர் இரவு சாவியம்மா பென்சிலைக் கையில் எடுத்து, எடுத்து, கீழே வைத்தார். கோடிடவில்லை.

தூக்கம் கெட்டவர் படிவத்தைத்தான் படிக்க வேண்டும். அவ்வாறு படித்ததில் ஒன்பதாம் பின்னிணைப்பு அவர் கண்ணில் பட்டது. குழாய் திறக்கும் பணி கட்டடத்தின் பயன்பாடு அன்று, பராமரிப்பு. ஆகவே குழாய் திறப்போர் கொள்ளளவுக் கணக்கில் வாரார். நீர் தெறிக்கும் இடர் இருப்பதால் அவர்கள் துணி முகக்கவசத்தை விடுத்து, ஒளி ஊடுருவும் முகத்தடுப்பை அணிதல் வேண்டும். ஒரே எழுதுகோலைப் பலர் தொடுவதைத் தவிர்க்க, ஒருவர் குழாயின் எண்ணையும் வெப்ப அளவையும் உரத்த குரலில் கூற, அறை நடுவே அமர்ந்த மற்றொருவர் அதனை உரத்த குரலில் திருப்பிக் கூறிய பின்னரே பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். கூறியதைக் கூறியவாறே எழுதுதல் வேண்டும், திருத்துதல் கூடாது.

சாவியம்மா அப்பக்கத்தை மடித்து வைத்தார். உரக்கப் பேசலாம். வாயசைவு தெரியும். கணக்கில் வர மாட்டார்கள். வாரியம் தன்னையறியாமல் ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பைச் சட்டமாக்கி வைத்திருந்தது.

அடுத்த செவ்வாய் நான்கு குழாய் திறப்போர் தன்னார்வலராகப் பதிவு செய்யப்பட்டனர். முதல்வர் தம்பி. இரண்டாமவர் தையல்காரர், நோய்க்குப் பின் அவரிடம் எஞ்சிய ஒரே சொல் ‘சரி’. மூன்றாமவர் பேருந்து நடத்துநர். எல்லாம் பேசுவார், பொருளின் பெயர் மட்டும் வாராது. ‘அதைத் திறந்து, இதுல அதை விட்டு’ என்று முழு வாக்கியமும் முடிப்பார். நான்காமவர் ஓய்வுபெற்ற நூலகர் அம்மையார். முப்பது ஆண்டு மெல்லிய குரலில் ‘அன்புகூர்ந்து’ என்று தொடங்கியே பேசிய அவருக்கு எஞ்சியது ‘போடா போ’ என்பது மட்டுமே. அதனை அவர் வணக்கம் கூறவும் நன்றி கூறவும் அதே கனிவோடு பயன்படுத்தினார். மற்ற மூவரின் வீட்டார் அவர்களை அனுப்ப அஞ்சினர். அதில் தவறு காண இயலாது.

தம்பிக்கு ஏழாம் குழாய் கிட்டியது. சமையலறையின் பச்சைத்தண்ணீர்க் குழாய். முதல் வாரம் ‘ஏழு’ என்று சொல்ல அவருக்கு ஐந்து நிமிடமும் தேவைப்பட்டது. இரண்டாம் வாரம் ‘ஏழு, இருபத்தி ரெண்டு’ என்றார். சாவியம்மா அறை நடுவிலிருந்து அதனைத் தேவைக்கு மேல் உரக்கத் திருப்பிக் கூறினார். வாரியம் பதிவேட்டைப் பார்த்து மகிழ்ந்தது. இத்தனை குழாய்களை இத்தனை பேர் இத்தனை உரத்துத் திறப்பதை எந்தக் கூடத்திலும் கண்டதில்லை என்று எழுதிற்று.

மூன்றாம் வாரம் தம்பி சமையலறை வாயிலில் நின்று வெப்பமானியை உயர்த்திப் பிடித்தார். அது இருபத்து மூன்று காட்டியது. “ஏழு, இருபத்தி மூணு” என்றவர் நிற்கவில்லை. அறையில் நின்ற மூவரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தோள் விரிந்தது. “இருபத்தி அஞ்சு. முப்பது” என்றார்.

நடத்துநர் தன்னையறியாமல் கை உயர்த்தினார்.

“முப்பத்தஞ்சு.”

“சரி” என்றார் தையல்காரர்.

“நாப்பது.”

“போடா போ” என்றார் நூலகர், விலை கட்டுபடியாகாதவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நால்வரும் சிரித்தனர். சிரிப்புக்கு மட்டும் அவர்களில் எவரிடமும் குறை இல்லை. சாவியம்மா எழுதுகோலைப் பிடித்தபடி இருந்தார். ஒன்பதாம் பின்னிணைப்பு திருத்தலாகாது என்கிறது. அது ஒரு காரணம். மற்றொன்று, இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் தம்பியின் வாயிலிருந்து வரிசையாக ஐந்து எண்கள் வந்திருக்க, அவற்றில் எது தவறு என்று அவர் எப்படிச் சொல்வார்? ‘குழாய் ஏழு, நாற்பது’ என்று உரக்கச் சொல்லி, நாற்பது என்றே எழுதினார்.

செப்டம்பர் இறுதியில் ஏழாம் குழாய் ஐம்பத்திரண்டு ஆயிற்று. ‘சுடும்’ என்று எழுதிய ஒட்டுத்தாள் ஒன்றை வாரியம் தபாலில் அனுப்பியது. அக்டோபரில் அறுபத்தொன்பது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதே அக்டோபரில் தையல்காரர் தொற்று கண்டு, ஒன்பது நாள் படுத்து, இறந்துபோனார். கடைசிவரை மருத்துவர் கேட்டதற்கெல்லாம் அவர் ‘சரி’ என்றே கூறிவந்ததால், வலி இருந்ததா என்பதை எவராலும் அறிய முடியவில்லை. பெயர் நீக்கப் படிவத்தைச் சாவியம்மா அனுப்பினார். ‘தங்கள் கட்டடத்தில் ஆள் எண்ணிக்கை ஒன்று குறைந்துள்ளமையை வாரியம் மனநிறைவுடன் குறித்துக்கொள்கிறது. இப்போக்கு தொடர வேண்டும்’ என்று பதில் வந்தது. அக்கடிதத்தை அவர் எவருக்கும் படித்துக் காட்டவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் தையல்காரரின் குழாயருகே எவரும் நிற்கவில்லை. அன்று தம்பி எண்ணை ஏற்றவும் இல்லை. இருபத்தொன்று என்று உள்ளதை உள்ளவாறு கூறி அடைத்தார். ஏழாம் குழாய் ஒரே வாரத்தில் குளிர்ந்ததற்கு வாரியம் தனியாக விளக்கம் கேட்டது.

நவம்பரில் மறுபடி ஏறியது. சொற்களும் ஏறின, இருபத்தெட்டு. ‘நாளைக்கு’ திரும்பி வந்தது. பதினேழாம் நாள் ஏழாம் குழாய் நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. நூறு பாகையில் நீர் ஆவியாகிவிடும் என்பது பொது அறிவு எனவும், தங்கள் குழாயில் அவ்வாறு ஆகாதிருப்பது விதிமீறல் எனவும் வாரியம் எழுதிற்று.

சாவியம்மா மேற்பார்வையாளரை அழைத்து, குழாயில் கை வைத்துப் பார்த்ததாகவும், தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது என்றும் கூறினார்.

“கை அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லம்மா” என்றார் அவர்.

“நீங்களே ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க சார்.”

“சான்று இல்லாத கட்டடம். அதோட இப்ப நூத்திப் பன்னெண்டு வேற.”

நவம்பர் இருபத்து நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு வாரியத்தின் அவசரக் கூட்டம் கூடியது. குழாய் திறக்கும் வேளையாதலால் சாவியம்மா கூடத்து நாற்காலி ஒன்றில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அதன்முன் அமர்ந்தார். சமையலறையில் ஏழாம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வழக்கம்போல் வாயிலுக்கு வெளியே நின்றார். அவர் கையில் நெகிழி உறை ஒன்று இருந்தது. கூட்டம் முடிந்ததும் பத்தொன்பது சாவிகளையும் கிருமிநாசினியில் நனைத்து அதில் இட வேண்டும் என்று அவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார்.

வருகை எடுத்து முடிய, மணி பதினொன்று இருபத்தாறு ஆயிற்று. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“இந்தக் கூடத்தைப் பத்தி நான் பெருமையாத்தான் சொல்லணும். எட்டு மாசமா ஒரு நாற்காலி தேயலை. ஒரு சுவர்ல கறை இல்ல. ஒரு குழுகிட்ட இருந்தும் புகார் இல்ல, ஏன்னா குழுவே இல்ல. இவ்வளவு நல்லா நடந்த கூடத்தை நான் பாத்ததில்ல. ஆளுங்க வந்தாத்தான் எல்லாம் கெட்டுப்போகுது. மக்களுக்காகக் கட்டின கட்டடம் இது. அதை மக்கள்கிட்ட இருந்து காப்பாத்துறதுதான் நம்ம கடமை. குழாய் வேற கொதிக்குது. ஆகவே கூடத்தை நிரந்தரமா மூடி, தண்ணியைத் துண்டிச்சு, சாவியை வாங்கிக்கலாம்னு தீர்மானம். யாராவது ஏதாவது சொல்லணுமா?”

சாவியம்மா எழுந்து நின்றார். அம்புக்குறியின் மேல் நின்றுதான் பேசலாம் என்பதால் இரண்டடி நகர்ந்து நின்றார்.

“குழாய் கொதிக்கலைங்க. தம்பி நம்பரை ஏத்திச் சொன்னான். அவன் சந்தையில ஏலம் போட்டவன். வாய் அந்தப் பக்கமே போகுது. நான் தெரிஞ்சேதான் எழுதினேன்.”

தலைவர் மிகப் பொறுமையாக விளக்கினார்.

“பதிவேடு தப்புன்னா நீங்க வேலையில இருக்கக் கூடாது. பதிவேடு சரின்னா கூடம் இருக்கக் கூடாது. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. நேரம் ஆகுது.”

சாவியம்மா இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அவர் வேலை போனால் அடுத்த காப்பாளர் குழாயைத் தனியே திறப்பார். கூடம் போனால் திறக்கக் குழாயே இராது. இருவழியிலும் கடைசிப் பக்கத்துப் பென்சில்தான் வேலை செய்யும். அவர் கணக்கில் இதுவும் கழித்தல் ஒன்று.

அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் விதி நூலைப் புரட்டி, அளவைக் கூறியவரின் வாக்குமூலம் கேட்கப்படாமல் பதிவேடு குறித்த தீர்மானம் செல்லாது என்றார். வாக்குமூலம் அளிப்பவர் ‘முடித்தேன்’ என்று கூறும்வரை தலைவர் உட்பட அனைவரும் ஒலிவாங்கியை அடைத்துவைக்க வேண்டும் என்பதும் அதே விதி. இடைமறித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மணி பதினொன்று முப்பத்தைந்து. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று தலைவர் இசைந்தார். திரையில் உறுப்பினர்களின் சதுரங்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின.

சாவியம்மா தம்பியை அழைத்தார். அவர் சமையலறையிலிருந்து, முகத்தடுப்பில் நீர்த்துளிகளோடு, அம்புக்குறியைப் பாராமல் நேராக நடந்து வந்தார். கைப்பேசியின் முன் குனிந்தார். பதினொரு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை முகங்கள் ஒருசேர அவர் வாயைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அவர் மெல்ல நிமிர்ந்தார். தோள் விரிந்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“ஒரு தரம்” என்றார் தம்பி.

சாவியம்மாவின் கை தானாகவே பென்சிலைத் தேடியது. அச்சொல் நாற்பத்து மூன்றிலும் இல்லை.

மற்றொரு நிமிடம் சென்றது. நடத்துநர் குழாயை விட்டு வந்து நின்றார். நூலகர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். வாயிலில் மேற்பார்வையாளர் உறையின் வாயைப் பிரித்து ஆயத்தமாக வைத்திருந்தார்.

“ரெண்டு தரம்.”

அதன்பின் அவர் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. முகத்தடுப்பின் உட்புறம் மூச்சில் மங்கித் தெளிந்தது. மணி பதினொன்று முப்பத்தெட்டு. தலைவரின் உதடுகள் விரைந்து அசைந்தன; ஒலி வரவில்லை. அவர் கை ஒலிவாங்கியை நோக்கிச் சென்றது, மூத்த உறுப்பினர் விதி நூலை உயர்த்திக் காட்டினார், கை திரும்பியது. பதினொரு பேரும் ஒரு மனிதனின் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்காகக் காத்திருந்தனர். வாரியம் அமைக்கப்பட்ட நாள் முதல் அது எவருக்காகவும் அவ்வாறு காத்திருந்ததில்லை.

நாற்பதாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

“போடா போ” என்றார் நூலகர், கறுத்த திரையை நோக்கி, வழக்கமான கனிவு சிறிதும் இன்றி.

மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து என்ன முடிவாயிற்று என்று வினவினார். எதுவும் ஆகவில்லை என்றார் சாவியம்மா. அப்படியானால் ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மறுபடி கூட்ட வேண்டும் என்று அவர் வருந்தினார். ஏழு நாள் என்றால் இன்னும் ஒரு செவ்வாய். உறையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

சாவியம்மா தம்பியைப் பார்த்தார். மூன்றாம் தரம் அவர் வாய்க்குள் இருந்ததா, அல்லது வரவே இல்லையா? திரைக்கு மேலே சுவர்க் கடிகாரம் இருந்தது. அவர் கண்கள் கடைசிவரை கடிகாரத்தைப் பார்த்தனவா, வெறும் சுவரைப் பார்த்தனவா? கேட்டால் தலையசைத்துச் சொல்லியிருப்பார். சாவியம்மா கேட்கவில்லை. கையிலிருந்த பென்சிலின் முனை ஒடிந்திருப்பதை அப்போதுதான் கண்டார்.

“அக்கா” என்றார் தம்பி. தாமதமின்றி வந்தது. சமையலறையைக் கை காட்டினார்.

ஏழாம் குழாய் அதுவரை ஓடிக்கொண்டே இருந்தது. சாவியம்மா சென்று, அடைக்குமுன் ஒருமுறை கையை நீட்டி நீரில் வைத்திருந்தார். பின்னர் பதிவேட்டைத் திறந்து, வெப்ப அளவுக்குரிய கட்டத்தில் ‘சில்லென்று இருந்தது’ என்று எழுதினார். அதற்கடுத்த கட்டம் அடைத்த நேரத்துக்குரியது. அதில் எழுதினார்: முற்பகல் மணி பதினொன்று நாற்பத்து மூன்று.